பிஆர்சிஏ-24: பேச்சுப் பயத்தை அளக்கும் இலவசப் படிவம் எந்த அளவுக்குத் தேறும்?

மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர், நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் வாயே திறக்காதவர், புதிதாக ஒருவரிடம் அறிமுகமானால் வியர்த்துப்போகிறவர். இந்த மூவருக்கும் உள்ள பயம் ஒன்றா, வேறு வேறா? அதை எண்ணாக்கிச் சொல்கிற படிவம் பிஆர்சிஏ-24 (Personal Report of Communication Apprehension). அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத் தகவல் தொடர்பியல் துறையில் ஜேம்ஸ் மெக்ராஸ்கி உருவாக்கியது. 1982ல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பேச்சுப் பயம் பற்றிய ஆய்வுகளில் இதைவிட அதிகம் புழங்கும் அளவுகோலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம்மூர் கல்லூரிகளில் ஆங்கிலம், மேலாண்மை, இதழியல் துறைகளின் ஆய்வேடுகளிலும் தலைகாட்டுகிறது.

விலை கிடையாது. மெக்ராஸ்கி தன் துறையில் உருவான அளவுகோல்களைத் தன் இணையதளத்தில் அப்படியே போட்டுவைத்தார். ஆய்வுக்கும் பாடம் நடத்துவதற்கும் தனி அனுமதி கேட்க வேண்டாம், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிட்டால் போதும் என்பது ஏற்பாடு. உளவியல் சோதனைகள் பலவற்றுக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டியிருப்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். படிவத்தோடு மதிப்பெண் போடும் சூத்திரமும் ஒப்பிட்டுப் பார்க்கச் சராசரிகளும் சேர்ந்தே கிடைக்கின்றன.

மெக்ராஸ்கி வெஸ்ட் வர்ஜீனியாவுக்குத் துறைத் தலைவராக வந்தது 1972ல். அதற்கு முன்பே, 1970ல், பேச்சுப் பயத்துக்கான முதல் அளவுகோல்களை வெளியிட்டிருந்தார். கல்லூரி மாணவருக்கான அன்றைய பிஆர்சிஏவில் 20 வரிகள், அதாவது ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று குறிக்க வேண்டிய வாக்கியங்கள். பிறகு அது 25 வரியானது. இரண்டிலும் ஒரே குறை: மேடைப் பேச்சின் பக்கம் தராசு சாய்ந்திருந்தது. மேடைக்கு மட்டும் பயப்படுகிறவரும் ‘எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்’ கணக்கில் வந்துவிடுவார். அதைச் சரிசெய்யத்தான் 24 வரி. குழு விவாதத்துக்கு 6, கூட்டத்துக்கு 6, இருவர் பேச்சுக்கு 6, மேடைக்கு 6. ஒவ்வொரு ஆறிலும் மூன்று வரி பயத்தைச் சொல்பவை, மூன்று வரி பயமின்மையைச் சொல்பவை. இந்தச் சமன்பாடுதான் படிவத்தின் பலம். பயன்படுத்துகிறவர்கள் சறுக்குவதும் அங்கேதான்.

கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 5 வரை விடை. ‘கடுமையாக மறுக்கிறேன்’ 1, ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ 5. குழு விவாதத்துக்கு: 18ல் இருந்து 2, 4, 6ஆம் வரிகளின் விடைகளைக் கழித்து, 1, 3, 5ஆம் வரிகளைக் கூட்ட வேண்டும். கூட்டத்துக்கு 8, 9, 12 கழிவு. 7, 10, 11 கூட்டல். இருவர் பேச்சுக்கு 14, 16, 17 கழிவு. 13, 15, 18 கூட்டல். மேடைக்கு 19, 21, 23 கழிவு. 20, 22, 24 கூட்டல். 18 எதற்கு என்றால், அதைச் சேர்த்தால்தான் மதிப்பெண் 6க்கும் 30க்கும் இடையில் வந்து உட்காரும். நான்கையும் கூட்டினால் மொத்தம் 24 முதல் 120 வரை. எண் கூடினால் பயம் கூடுகிறது என்று பொருள்.

வரிசை எண்களைக் கவனியுங்கள். முதல் பிரிவில் இரட்டைப்படை எண்கள் கழிவு. அதைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுவிட்டு ஒன்று’ என்று முடிவுகட்டி எக்ஸெலில் கீழே வரை இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டாம் பிரிவில் 8, 9, 12. அங்கேயே ஒழுங்கு உடைந்துவிட்டது. கடைசிப் பிரிவில் ஒற்றைப்படை எண்கள் கழிவு, அதாவது நேர் தலைகீழ். விடை நிரப்புகிறவர் தாளத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்தக் கலைப்பு நல்லதுதான். மதிப்பெண் போடுகிறவருக்குத்தான் கண்ணிவெடி.

இதைவிடப் பெரிய வெடி ஒன்று இருக்கிறது. இந்தப் படிவம் இரண்டு பதிப்புகளாகப் புழங்குகிறது. பழையதில் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கு 1. அதற்கேற்பச் சூத்திரமும் திருப்பிப் போடப்பட்டிருக்கும், 2, 4, 6 கூட்டல், 1, 3, 5 கழிவு. பிற்காலப் பதிப்பில் அதே விடைக்கு 5. தனித்தனியாக இரண்டும் சரி. படிவத்தை ஒரு இடத்திலும் சூத்திரத்தை இன்னொரு இடத்திலும் எடுத்தால் தொலைந்தது. மேடைப் பிரிவில் ஒருவர் புதிய பதிப்பின்படி 19க்கு 2, 20க்கு 4, 21க்கு 2, 22க்கு 4, 23க்கு 3, 24க்கு 4 என்று குறித்திருக்கிறார் என்று வையுங்கள். சரியான கணக்கு 18 − 7 + 12 = 23. நல்ல பயம். பழைய சூத்திரத்தைப் போட்டால் 18 + 7 − 12 = 13. அதாவது, பயமே அறியாத மேடைச் சிங்கம்! இரண்டு விடையும் 6க்கும் 30க்கும் இடையில்தான் இருப்பதால் கணினியும் முணுமுணுக்காது, வழிகாட்டியும் கவனிக்க மாட்டார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பேச விருப்பத்தை அளக்கும் படிவத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், பயம் கூடக் கூட விருப்பம் குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறினால் முதலில் சூத்திரத்தைச் சந்தேகப்படுங்கள். புதுக் கண்டுபிடிப்பு என்று கட்டுரை எழுத உட்கார வேண்டாம். தவறு நடந்தது உறுதியானால் படிவங்களை மறுபடி எண்ண வேண்டியதில்லை. தலைகீழான மதிப்பெண் கண்ணாடி பிம்பம்தான்: பிரிவு மதிப்பெண்ணை 36ல் இருந்தும் மொத்தத்தை 144ல் இருந்தும் கழித்தால் சரியான எண் கிடைத்துவிடும். மேலே சொன்ன 13ஐ 36ல் கழித்துப் பாருங்கள், 23.

அடுத்தது 72 என்ற எண். 24 வரிக்கும் ‘3’ போட்டால் மொத்தம் 72. சரி. 24 வரிக்கும் ‘5’ போட்டாலும் 72தான், ஏனென்றால் கூட்டுவதும் கழிப்பதும் ஒன்றையொன்று தின்றுவிடும். ‘1’ போட்டாலும் 72. வகுப்பில் கட்டாயப்படுத்தி நிரப்பச் சொன்னால் ஒரே நேர்கோட்டில் டிக் அடித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் 72ல் வந்து நிற்பார்கள். அந்த எண் ‘நடுத்தரப் பயம்’ என்ற வகையில் அடங்கிவிடுவதால் யார் கண்ணிலும் படாது. நான்கு பிரிவும் மிகச் சரியாக 18, 18, 18, 18 என்று இருந்தால் மூலத் தாளை எடுத்துப் பாருங்கள். நேர்கோடு தெரிந்தால் தூக்கி ஓரமாக வையுங்கள். இதற்காகவே மொத்தத்தை மட்டும் பதிவு செய்யாமல் 24 விடைகளையும் தனித்தனிப் பத்திகளில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் வேலை கூடும். ஆனால் பின்னால் எதையும் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி.

விடுபட்ட விடைகள் இன்னொரு தொல்லை. எக்ஸெலில் வெற்றுக் கட்டம் கூட்டும்போது பூஜ்யமாகிவிடும். கழிக்க வேண்டிய வரி ஒன்று காலியாக இருந்தால் கழிவு குறைந்து பயம் கூடிவிடும். கூட்ட வேண்டிய வரி காலி என்றால் பயம் குறைந்துவிடும். ‘4’ என்று வந்திருக்க வேண்டிய ஒரு விடை விடுபட்டாலே ஒரு பிரிவில் 4 மதிப்பெண் புரளும். பிரிவுகளின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியில் இருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) 4, 5 என்ற அளவில்தான் இருக்கிறது என்பதால் ஒருவரை ‘நடுத்தர’த்தில் இருந்து ‘அதிக’த்துக்குத் தள்ள அது போதும். படிவத்தை வாங்கும்போதே ஒரு கண் ஓட்டி, விட்ட வரியை நிரப்பச் சொல்வது பிறகு புள்ளியியலில் ஒட்டுப்போடுவதைவிட எவ்வளவோ மேல்.

கூகுள் ஃபார்மில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரிகளைக் கட்டக்கட்டமாக ஒரே அட்டவணையில் போட்டால் கைபேசித் திரையில் வலது ஓரம் மறைந்துபோகும். பக்கவாட்டில் தள்ளிப் பார்க்காதவருக்கு ஐந்தாவது விடை இருப்பதே தெரியாது. ஒவ்வொரு வரியையும் தனிக் கேள்வியாக, 1 முதல் 5 வரையான எண் அளவாகப் போடுங்கள். விடை எண்ணாகவே இறங்கும். சொல்லாக இறங்கினால் ‘கண்டுபிடித்து மாற்று’ செய்ய வேண்டியிருக்கும். விடைச் சொற்கள் ‘பொருந்தும்’, ‘மிகவும் பொருந்தும்’ என்று இருந்தால், ‘பொருந்தும்’ என்பதை முதலில் 4 ஆக்கினால் ‘மிகவும் பொருந்தும்’ எல்லாம் ‘மிகவும் 4’ ஆகிவிடும். நீளமான சொல்லில் இருந்து தொடங்கினால் தப்பிக்கலாம்.

இனி எண்ணுக்கு என்ன பொருள்? 40,000க்கு மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் எடுத்த சராசரியைப் படிவத்தோடு கொடுத்திருக்கிறார்கள். மொத்தத்துக்கு 65.6, திட்ட விலக்கம் 15.3. குழு விவாதம் 15.4, கூட்டம் 16.4, இருவர் பேச்சு 14.2, மேடை 19.3. மொத்தம் 80க்கு மேல் போனால் பயம் அதிகம், 51க்குக் கீழ் வந்தால் குறைவு. இந்த 80ம் 51ம் வானத்தில் இருந்து விழவில்லை. சராசரியில் இருந்து ஒரு திட்ட விலக்கம் மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதான். நோயை நிர்ணயிக்கும் எல்லைக்கோடு அல்ல. மேடையின் சராசரியையும் பாருங்கள்: நடுப்புள்ளியான 18ஐத் தாண்டி 19.3ல் நிற்கிறது. சராசரி மனிதர் மேடைக்குக் கொஞ்சம் பயப்படுகிறவர்தான். மேடைப் பிரிவில் 20 வாங்கிய மாணவரைக் கூப்பிட்டு ‘உனக்குப் பிரச்சினை இருக்கிறது’ என்று சொல்வது அநியாயம். அங்கே ‘அதிகம்’ என்பது 24ஐத் தாண்டினால்தான். இருவர் பேச்சில் 20 வாங்கியவர் வேறு கதை; அந்தப் பிரிவில் 18ஐத் தாண்டினாலே அதிகம்.

ஆகவே மொத்த மதிப்பெண்ணைவிட நான்கு பிரிவுகளும் பயனுள்ளவை என்பது எங்கள் கருத்து. 72 வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் 15, 15, 13, 29. இன்னொருவர் 19, 18, 18, 17. முதலாமவருக்கு மேடைப் பயிற்சி கொடுத்தால் தீர்ந்தது. இரண்டாமவரை மைக் முன்னால் நிறுத்திப் பயனில்லை; ஒருவரோடு ஒருவராகப் பேசும் இடத்திலும் மனதுக்குள் இறுக்கம் இருக்கிறது. மொத்தத்தை மட்டும் அட்டவணையில் போட்டு ஆய்வேட்டை முடிக்கிறவர்கள் படிவத்தின் முக்கால் பங்கு மதிப்பைக் குப்பையில் போடுகிறார்கள்.

அமெரிக்க எல்லைக்கோட்டை நம் வகுப்புக்கு அப்படியே மாட்டுவதும் சரியில்லை. அந்த எண்கள் வந்த காலமும் வேறு, ஊரும் வேறு, மொழியும் வேறு. ஒப்பிட்டே ஆக வேண்டுமானால் உங்கள் குழுவின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிட்டு, அதிலிருந்து மேல் கீழ் பிரியுங்கள்.

தமிழில் பெயர்க்கிறவர்களுக்குத்தான் உண்மையான வேலை. ‘பேச எனக்குப் பயம் இல்லை’ என்ற வரிக்கு ‘மறுக்கிறேன்’ என்று விடை சொன்னால் என்ன பொருள்? இல்லை என்பதை இல்லை என்கிறாரா, பயம் என்பதை மறுக்கிறாரா? படிக்கிறவர் ஒரு நொடி திகைப்பார், சிலர் தவறான பக்கம் குறிப்பார்கள். 14, 19 ஆகிய இரண்டு வரிகளும் இந்த வகை. விடைச் சொற்களை ‘ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன்’ என்று வைக்காமல் ‘எனக்குப் பொருந்தும், பொருந்தாது’ என்று மாற்றினால் முடிச்சு பெருமளவு அவிழும். வரியையே ‘துணிந்து பேசுவேன்’ என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றாதீர்கள். மூலம் கேட்பது உள்ளே இருக்கும் உணர்வை. துணிந்து பேசுவது வெளியே தெரியும் செயல். பயந்துகொண்டே துணிந்து பேசுகிறவர்கள் ஏராளம்.

பயமின்மையைச் சொல்லும் வரிகளில் ‘பதற்றமில்லாமல்’ என்று எழுதினாலும் இதே சிக்கல்தான்; அதிலும் ஒரு ‘இல்லை’ ஒளிந்திருக்கிறது. ‘நிதானமாக, இயல்பாக’ என்பது பொருந்தும். 20ஆம் வரி பேசும்போது உடம்பின் சில பாகங்கள் விறைத்துப்போவதைக் கேட்கிறது. ‘கைகால் உதறுகிறது’ என்று எழுதக் கை துடிக்கும், அது நம் வாயில் வரும் சொல். ஆனால் விறைப்பது வேறு, உதறுவது வேறு. உதறாமல் மரக்கட்டைபோல நிற்கிறவர் ‘பொருந்தாது’ என்று போட்டுவிடுவார். 13, 17ஆம் வரிகளில் வருகிறவர் புதிதாக அறிமுகமானவர், முன்பின் தெரியாதவர் அல்ல. இந்த வேறுபாடு சின்னதில்லை. பேச விருப்பத்தை அளக்கும் படிவத்தில் தெரியாதவர், அறிமுகமானவர், நண்பர் என்று மூவருக்கும் தனி மதிப்பெண்ணே உண்டு.

எல்லாவற்றையும்விட வம்பு பிடித்தது ‘குழு விவாதம்’. பொறியியல் கல்லூரி மாணவர் காதில் அது ‘ஜிடி’ என்றுதான் விழும். கேம்பஸ் இன்டர்வியூவில் வெளியே தள்ளும் ஜிடி ரவுண்டு. வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் சேர்த்து அவர் அங்கே கொட்டிவிடுவார். படிவம் கேட்பது சாதாரணமாக நாலைந்து பேர் கூடிப் பேசுவதைப் பற்றி. ‘கூட்டம்’ என்றாலோ கட்சிக் கூட்டம், கோயில் கூட்டம். ‘மீட்டிங்’ என்று எழுதினால் அலுவலகத்தில் இருப்பவருக்குப் புரியும், முதலாண்டு மாணவருக்கு அனுபவமே இருக்காது. ஒவ்வொரு பிரிவின் தலையிலும் ஒற்றை வரி விளக்கம் கொடுப்பது நல்லது: ‘நாலைந்து பேராகச் சேர்ந்து பாடத்தையோ வேலையையோ பற்றிப் பேசும்போது’, ‘ஒருவர் தலைமையில் துறையிலோ அலுவலகத்திலோ நடக்கும் கூட்டத்தில்’. மொழிபெயர்த்த பிறகு, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரை விட்டு அதைத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி இரண்டையும் ஒப்பிட்டால் இப்படிப்பட்ட ஓட்டைகள் தாமாகவே வெளியே வரும்.

அதோடு, எந்த மொழியில் பேசுவதற்குப் பயம்? படிவம் அதைக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நடுங்குகிற மாணவர் டீக்கடையில் தமிழில் ஊரையே கூட்டிவைத்துப் பேசுவார். முகப்பில் ‘தமிழில் பேசும்போது’ என்றோ ‘ஆங்கிலத்தில் பேசும்போது’ என்றோ எழுதாமல் கொடுத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்து நிரப்புவார்கள். ஆங்கில வகுப்புப் பயம்தான் உங்கள் தலைப்பு என்றால் இந்தப் படிவத்தை விட்டுவிடுங்கள். அயல்மொழி வகுப்புப் பதற்றத்துக்கென்றே ஹோர்விட்ஸ் குழுவினர் 1986ல் வெளியிட்ட 33 வரிப் படிவம் இருக்கிறது. மேடை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு மெக்ராஸ்கியின் 34 வரிப் படிவம், பிஆர்பிஎஸ்ஏ. அதில் மதிப்பெண் 34 முதல் 170 வரை. 131க்கு மேல் அதிகம். ஆறு வரியில் கிடைப்பதைவிட நுணுக்கமாகப் பிரிக்கும்.

நம்பகத்தன்மையில் குறை சொல்ல இடமில்லை. வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா (உச்சம் 1) பொதுவாக 0.90க்கு மேல் வரும். உங்களுக்கு 0.3, 0.4 என்று வந்தாலோ கழித்தல் குறியோடு வந்தாலோ படிவத்தைத் திட்டாதீர்கள். கழிவு வரிகள் பன்னிரண்டையும் திருப்பாமல் மென்பொருளுக்குக் கொடுத்திருப்பீர்கள். விடையை 6ல் இருந்து கழித்துத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். இதை அறியாமல், மென்பொருள் சொல்கிறதே என்று வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, கடைசியில் 12 வரியை வைத்துக்கொண்டு ‘தமிழ்ச் சூழலுக்கு ஏற்பச் சுருக்கப்பட்டது’ என்று எழுதினால் அது மோசடி இல்லை, அறியாமை. படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று இருமுறை கொடுப்பது வழக்கமான ஆய்வு வடிவம். 80க்கு மேல் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கிப் பயிற்சி கொடுத்து, மதிப்பெண் இறங்கியதைக் காட்டி வெற்றி என்பார்கள். உச்சத்தில் இருந்தவர்களை மறுபடி அளந்தால் ஒன்றும் செய்யாவிட்டாலும் சற்று இறங்கத்தான் செய்யும். முதல் நாள் பரீட்சைப் பதற்றத்தில் கூடுதலாகக் குறித்தவர்களும் அந்தக் கும்பலில் இருப்பார்கள் அல்லவா. அதே மதிப்பெண் உள்ள இன்னொரு குழுவைப் பயிற்சி இல்லாமல் விட்டு, இருமுறை அளந்து ஒப்பிட்டால்தான் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரியும்.

படிவத்தின் எல்லை என்று சொன்னால், இது திறமையை அளக்காது. அமைதியானவரையும் பயந்தவரையும் பேசும் அளவை வைத்துப் பிரிக்காது. எவ்வளவு பேசுகிறோம் என்பதற்கு அதே பட்டறையில் செய்த 14 வரிக் கூச்ச அளவுகோல் தனியே இருக்கிறது. நெஞ்சு படபடப்பதைக் கருவி வைத்து அளப்பதற்கும் இது மாற்று ஆகாது. ‘பொதுவாக நீங்கள் எப்படி’ என்று கேட்கிறதே தவிர, இன்று காலை மேடையில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. 1998ல் மெக்ராஸ்கியும் பீட்டியும் இன்னொருவரும் சேர்ந்து, இந்தப் பயத்தின் பெரும்பகுதி பிறவிச் சுபாவம் என்று வாதிட்டார்கள். துறைக்குள்ளேயே அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மாணவரிடம் ‘உன் எண் 95, உன் விதி இது’ என்று சொல்லிவிடாதீர்கள். இதே மெக்ராஸ்கிதான் 1972ல், தசைகளைத் தளர்த்தப் பழக்கிப் படிப்படியாகப் பேச்சுச் சூழல்களை மனதில் கொண்டுவரும் சிகிச்சையைப் பெரிய அளவில் நடத்துவது எப்படி என்றும் எழுதினார்.

அச்சடித்துக் கொடுக்கும்போது தலைப்பில் ‘பேச்சுப் பயம்’ என்று போட வேண்டாம். பார்த்த உடனே கொஞ்சம் வீரமாகக் குறிக்கத் தோன்றும். ‘பேச்சுச் சூழல்கள் பற்றிய 24 வாக்கியங்கள்’ போதும். ‘யோசிக்காமல் முதலில் தோன்றியதைக் குறியுங்கள்’ என்ற மூலக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேலைக்கு ஆள் எடுக்க மட்டும் இதை நீட்டாதீர்கள். ‘புதியவரோடு பேசும்போது நிதானமாக இருக்கிறேன்’ என்ற வரிக்கு எந்தப் பக்கம் டிக் அடித்தால் வேலை கிடைக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.